தாழ்வும் சுமையும்

பாரம் சுமப்பதற்கென்றே செய்யப்பட்ட ஒரு வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி ஓட்டுவதில் என்ன இன்பம் இருக்க முடியும்? கலிபோர்னியா மாநிலத்தின் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் இவ்வினாவை எழுப்புகின்றவர் அவ்விடத்திற்குப் புதியவர் என்பது உடனே தெரிந்துவிடும். மெக்சிகோ வழிவந்த மக்கள் நிறைந்து வாழும் அப்பகுதியில், வண்டியைத் தாழ்த்துவது இரண்டாம் உலகப் போரை அடுத்த ஆண்டுகளிலேயே வேரூன்றிவிட்ட வழக்கம். பிற அமெரிக்க இளைஞர்கள் தங்கள் பழைய கார்களை வேகமாக ஓடச் செய்வதில் முனைந்திருக்க, இவர்கள் மெதுவாக ஓட்டுவதைப் பெருமையாகக் கொண்டனர். துடைத்து மெருகேற்றிய வண்டிகள் விட்டியர் பெருவீதியில் ஒன்றன்பின் ஒன்றாய்த் தேர் அசைவதுபோல் அசைந்து சென்றன. தேர் விரைந்தோட வேண்டுமென்று எவரும் எதிர்பார்ப்பதில்லை; வீதியில் நிற்போர் கண்ணாரக் காண வேண்டும், அவ்வளவுதான். அந்த நோக்கத்தைப் புரிந்துகொண்டால் தாழ்வின் இன்பமும் ஓரளவு புரிந்துவிடும்.

தொடக்கத்தில் வழி எளிதாக இருந்தது. காரின் பின்பெட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கினர். அது போதாதென்று சுருள்வில்லை அறுத்துக் குட்டையாக்கினர். வண்டிகள் மேலும் மேலும் தாழவே, அரசு குறுக்கிட்டது. சக்கர வளையத்தின் அடிவிளிம்பைக் காட்டிலும் வண்டியின் வேறு எந்தப் பகுதியும் தாழ்ந்திருத்தலாகாது என்னும் சட்டம் 1958 ஜனவரி முதல் நாள் அங்கு நடைமுறைக்கு வந்தது. அறுத்த வில் மீண்டும் வளராதாகையால், அச்சட்டத்திற்கு வேறு விடை தேட வேண்டியதாயிற்று. ரான் அகிரே என்பவர், விமானங்களுக்கென்று செய்யப்பட்ட எண்ணெயழுத்தப் பம்புகளை 1959இல் தம் கார்வெட் காரில் பொருத்தினார். விசையைத் தட்டினால் வண்டி எழும்பும். மீண்டும் தட்டினால் அமரும். காவலர் வரும்போது மரியாதையுடன் எழுந்து நிற்கும் வண்டி என்று அதனை வேடிக்கையாகச் சொல்லலாம். அச்சட்டம் அறுபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்து, 2024 ஜனவரி முதல் நாள் நீக்கப்பட்டது.

சட்டம் நீங்கியதேயன்றி அதற்குள் பொதிந்திருந்த அறிவு நீங்கிவிடவில்லை. ஓடும்போது டயர் வெடித்துக் காற்று இறங்கினால், வண்டி சக்கர வளையத்தின் மேல்தான் உருளும். அவ்வேளையில் வளையத்தைவிடத் தாழ்ந்த உறுப்பு எதுவாயினும் அது சாலையில் உராயும். ஸ்டியரிங் கம்பியாக இருந்தால் வண்டி கைக்கு அடங்காது. ஆகவேதான் பட்டறை அனுபவம் மிக்கவர்கள் இன்றும் ஒரு சக்கர வளையத்தின் அடியிலிருந்து மற்றொரு வளையத்தின் அடிவரை நூல் பிடித்துப் பார்க்கின்றனர். நூலுக்குக் கீழே எதுவும் தொங்கலாகாது. நூலைச் சட்டமன்றத்தால் நீக்க இயலாது.

காரில் தொடங்கிய இவ்வழக்கம் பிக்கப் வண்டிக்கும் தாவியபோதுதான் சிக்கல் கடுமையாயிற்று. கார் சுமப்பது நான்கைந்து மனிதரை. அவர்கள் ஏறினாலும் இறங்கினாலும் எடையில் பெரிய வேறுபாடு இல்லை. பிக்கப்போ காலையில் வெறுமையாகவும் நண்பகலில் அரை டன் சுமையோடும் ஓடுவது. வெறுமையாக நிற்கும் பிக்கப்பின் பின்புறம் சற்றுத் தூக்கலாக இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அது அழகுக் குறைவன்று. சுமை ஏறியபின் வண்டி சமநிலைக்கு வரவேண்டும் என்பதற்காகச் செய்தவர் விட்டுவைத்த இடம் அது. தாழ்த்துகின்றவர் முதலில் பறித்துக்கொள்வது அந்த இடத்தைத்தான். முன்புறம் 4 அங்குலமும் பின்புறம் 6 அங்குலமும் தாழ்த்தும் உறுப்புத் தொகுதிகள் அமெரிக்கக் கடைகளில் மிகுதியாக விலைபோவதன் காரணமும் இதுவே; பின்புறத் தூக்கலை மறைத்து வண்டியைச் சமமாகக் காட்டுவதற்கே அந்த 2 அங்குல வேறுபாடு. வண்டி என்றும் வெறுமையாகவே ஓடும் என்னும் எண்ணம் அத்தொகுதிகளுக்குள் சொல்லப்படாமல் அடங்கியிருக்கிறது.

இந்தச் சிக்கலில் 2024ஆம் ஆண்டு வேனிற்காலத்தில் அகப்பட்டவன், அப்பகுதியைச் சேர்ந்த இருபத்திரண்டு வயது இளைஞன் ஒருவன். அவன் தந்தை வீட்டுத் தோட்டங்களைப் பேணும் தொழிலாளி. புல்வெட்டும் இயந்திரம், மண்வாரிகள், வெட்டிய பனையோலைகள், வாரம் ஒருமுறை ஈரமண் என அனைத்தையும் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்தது 1994ஆம் ஆண்டின் ஷெவர்லே சி-1500 பிக்கப். முழங்கால் வலியால் தந்தை ஓட்டுநர் இருக்கையை மகனுக்கு விட்டுக்கொடுத்தார், தொழிலை விட்டுவிடவில்லை. சாவியைக் கையில் வாங்கிய அன்றே, வண்டியைத் தாழ்த்தப் போவதாக மகன் கூறினான். தந்தை மறுக்கவில்லை. அவரும் இளமையில் விட்டியர் வீதியில் உலா வந்தவர்தாமே!

"மிஹோ, ஞாயிற்றுக்கிழமை அது உன் வண்டி. திங்கட்கிழமை அது நம் வீட்டு அடுப்பு. அடுப்பை அணைக்காமல் என்ன செய்வாயோ, செய்துகொள்" என்றார். மிஹோ என்பது அவர்கள் மொழியில் மகனைப் பரிவோடு விளிக்கும் சொல்.

மகனின் நெஞ்சிலோ பின்புறம் 6 அங்குலம் என்னும் அளவு முன்னரே பதிந்துவிட்டது. நண்பன் ஒருவனின் சிறிய ஷெவர்லே எஸ்-10 பிக்கப் அழகாகத் தாழ்ந்திருந்தது. அதன் பின்னச்சுக்கும் பட்டைவில்லுக்கும் இடையே 3 அங்குல இரும்புக்கட்டையைச் செருகி, நீண்ட யூ போல்ட்டால் இறுக்கியிருந்தான் அவன். ஒரு பிற்பகல் வேலை; செலவும் சிறிது. இளைஞன் அதே போன்ற கட்டைகளை வாங்கக் கடைக்குப் புறப்பட்டபோது, பட்டறைப் பெரியவர் ஒருவர் அவனை அழைத்து இரு வண்டிகளின் அடியிலும் விளக்கைக் காட்டினார். எஸ்-10இல் அச்சு பட்டைவில்லின் மேல் அமர்ந்திருந்தது. சி-1500இல் அச்சு பட்டைவில்லுக்குக் கீழே தொங்கியது. முன்னதில் இடையே கட்டை வைத்தால் அச்சு மேலேறும், வண்டி இறங்கும். பின்னதில் அதே கட்டை அச்சைக் கீழே தள்ளி வண்டியை மேலே தூக்கிவிடும். ஒரே இரும்பு, ஒரே அளவு. அமையும் இடத்தைப் பொறுத்து ஒன்றைத் தாழ்த்தும், மற்றொன்றை உயர்த்தும். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு இது வியப்பாக இராது.

முன்புறம் பற்றிய ஆராய்ச்சி அடுத்து வந்தது. சி-1500இன் முன்சக்கரங்கள் தனித்தனியே சுருள்வில்லின் மேல் இயங்குவன. மலிவான வழி வில்லை அறுப்பது. இராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்ட விதியைப் பள்ளியில் படித்தவர்கள் இவ்வழியை நிறுத்துப் பார்க்கலாம். கம்பியின் பருமனும் சுருளின் அகலமும் மாறாதிருக்க, இயங்கும் சுற்றுகள் குறையும் அளவிற்கு வில்லின் விறைப்புக் கூடும். 8 சுற்றுகளில் ஒன்றை அறுத்தால் எஞ்சிய 7 சுற்றுகளும் முன்னையினும் ஏறத்தாழ 14 விழுக்காடு விறைப்பாகிவிடும். வண்டி இறங்குவதும் உண்மை; சாலையின் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பில் வந்து பேசுவதும் உண்மை. நெருப்பால் சுட்டு வில்லைத் தொய்யவிடும் வழக்கமும் முன்பு இருந்தது. அது வழியன்று, கொலை. செந்தணலாய்ச் சிவந்த வில் தன் பதத்தை இழக்கிறது. எவ்வளவு தொய்யும் என்பது சுடுகின்றவன் கையில் இல்லை, என்று முறியும் என்பதும் அவனுக்குத் தெரியாது. அறுப்பதற்கும் சுடுவதற்கும் மாறாக, குட்டையாகவே செய்து பதமிட்ட வில்களை வாங்கிப் பொருத்துவது நேர்மையான வழி. ஆயினும் அங்கும் வில் அசையும் தூரம் குறைவதால் விறைப்பைக் கூட்டியே ஆகவேண்டும்.

பெரியவர் காட்டிய வழி வேறு. சக்கரம் எந்த இரும்புத் தண்டில் மாட்டப்பட்டிருக்கிறதோ அந்த ஸ்பிண்டிலையே மாற்றுவது அது. புதிய ஸ்பிண்டிலில் சக்கரத் தண்டு 2 அங்குலம் உயரே வார்க்கப்பட்டிருக்கும். சக்கரம் தரையை விட்டு மேலே போகாதாகையால் வண்டிதான் 2 அங்குலம் கீழே வரும். இதில் வில்லின் நீளம் மாறவில்லை; கைகளின் சாய்வு மாறவில்லை; வில் அசையும் தூரமும் அப்படியே இருக்கிறது. செலவு மிகுதியே. ஆனால் வண்டி தான் தாழ்த்தப்பட்டதை அறியாமலே ஓடும். தாழ்த்தும் முறைகளுள் இதைவிடப் பண்பான ஒன்று இல்லை எனலாம். ஸ்பிண்டிலோடு குட்டை வில்லும் சேர்த்து 4 அங்குலம் இறக்கலாம் என்றபோது, இளைஞனின் கண்கள் ஒளிர்ந்தன. பெரியவர் கையமர்த்தி, பின்புறத்தை முடிவு செய்தபின் முன்புறத்திற்கு வரலாம் என்றார்.

பின்புறத்திற்கு வழி இரண்டு. பட்டைவில்லின் இரு முனைகளையும் அடிச்சட்டத்தோடு இணைக்கும் தாங்கிகளை மாற்றி, முனைகள் உயரே அமையும்படி செய்வது ஒன்று. இதனால் 4 அங்குலம்வரை இறங்கும். வில்லுக்குக் கீழே தொங்கும் அச்சை எடுத்து வில்லுக்கு மேலே அமர்த்துவது மற்றொன்று. இதனால் ஏறத்தாழ 6 அங்குலம் இறங்கும். இவ்விரண்டிலும் பட்டைவில் பழையதே. வில்லிலிருந்து சில பட்டைகளை உருவி எடுத்துத் தாழ்த்துவோரும் உளர். அவர்கள் தாழ்வை வாங்கவில்லை, சுமக்கும் வலிமையை விற்கின்றனர். அவ்வழியை இளைஞனும் விரும்பவில்லை.

வில் பழையதாகவே இருந்தால் சுமை குறையாது என்று அவன் வாதிட்டான். அது பாதி உண்மை. வில் தாங்கும்; ஆனால் தாங்கும்போது வளைய அதற்கு இடம் வேண்டும். அச்சு மேலே எழும்பி அடிச்சட்டத்தில் மோதுமாயின், அக்கணமே வில்லுக்கு வேலை இல்லாமற்போகிறது. சாலையின் அடி முழுவதும் நேரே இரும்பில் விழுகிறது. வளைவில் அவ்வாறு மோதினால் பின்சக்கரங்கள் பிடியை இழந்து வழுக்கவும் கூடும். ஆகவே கேள்வி, வண்டி எவ்வளவு தாழ்கிறது என்பதன்று. தாழ்ந்தபின் எவ்வளவு இடம் எஞ்சுகிறது என்பதே.

அதனை அறியப் பெரியவர் பெருங்கணிதம் எதுவும் செய்யவில்லை. வெறும் வண்டியில் அச்சின் மேற்புறத்திற்கும் அடிச்சட்டத்திற்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து வரச் சொன்னார். 8 அங்குலம். அடுத்த திங்கட்கிழமை அரை கன கஜம் ஈரமண் ஏற்றியபின் மீண்டும் அளக்கச் சொன்னார். அத்தகைய மண் ஏறத்தாழ 500 முதல் 600 கிலோ வரை எடையிருக்கும். தந்தையின் தொழிலில் அதுவே மிகப்பெரிய சுமை. அளவுகோல் 4 அங்குலம் காட்டியது. எனவே அந்தச் சுமை விழுங்கும் இடம் 4 அங்குலம். வில் மாறாதவரை இந்த அளவும் மாறாது.

பட்டறைச் சுவரில் சுண்ணக்கட்டியால் கணக்கு எழுதப்பட்டது. 6 அங்குலம் தாழ்த்தினால் 8இல் எஞ்சுவது 2. மண் கேட்பது 4. ஆகவே நடவாது. அச்சுக்கு நேர் மேலே அடிச்சட்டத்தைப் பிறை வடிவில் வெட்டி, அந்த இடத்தைத் தடித்த எஃகுத் தகட்டால் வலுப்படுத்தினால் மேலும் 3 அங்குலம் கிடைக்கும். ரப்பர் முட்டு 1 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். எஞ்சுவது 4, மண்ணுக்கே அது சரியாகிவிடும். சாலையின் பள்ளத்திற்கு ஒன்றும் மிச்சமில்லை. 4 அங்குலம் மட்டும் தாழ்த்தி அடிச்சட்டத்தையும் வெட்டினால் எஞ்சுவது 6. மண்ணுக்கு 4 போக, பள்ளத்திற்கு 2 இருக்கும். வெட்டாமல் 4 அங்குலம் தாழ்த்தினாலோ, ரப்பர் போக எஞ்சுவது 3. மண்ணுக்கே ஓர் அங்குலம் குறைகிறது.

இளைஞன் அந்தச் சுவரின்முன் நெடுநேரம் நின்றான். ஆறு என்னும் எண்ணை அவன் விரும்பியது எண்ணுக்காக அன்று. பின்சக்கரத்தின் மேற்பகுதி தகரத்திற்குள் மறைந்து, வண்டி சாலையிலேயே முளைத்ததுபோல் தோன்றும் அந்தக் காட்சிக்காக. அதனைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. வாழ்நாள் முழுதும் பிறர் வீட்டுத் தோட்டங்களை அழகுபடுத்திய ஒரு குடும்பத்தில், தனக்கென ஓர் அழகை ஒருவன் விரும்புவது தவறா?

அவன் கடைசியாகப் பற்றிய கொழுகொம்பு காற்று. வில்களையே எடுத்துவிட்டு ரப்பர்க் காற்றுப்பைகளைப் பொருத்தலாம். காற்றடைக்கும் கம்ப்ரசர், காற்றுக்கலம், குழாய்கள், வால்வுகள் எல்லாம் வேண்டும். வீதியில் நிறுத்தும்போது காற்றை வெளியேற்றித் தரையில் அமர்த்தலாம். சுமை ஏற்றும்போது அழுத்தத்தைக் கூட்டி நிமிர்த்தலாம். ஞாயிறும் திங்களும் ஒரே வண்டியில் அடங்கிவிடும் அன்றோ? தந்தை இதைக் கேட்டு, "காற்றை நம்பி மண் ஏற்றுவதா?" என்று சிரித்தார். அவர் சிரிப்பில் முழு நியாயம் இல்லை. அமெரிக்காவின் கிரேஹவுண்ட் நிறுவனம் 1954இலேயே காற்றுவில் பொருத்திய பேருந்துகளை நெடுஞ்சாலையில் ஓட்டியது. இன்றைய கனரக லாரிகள் பலவும் காற்றின் மேல்தான் ஓடுகின்றன. குறை காற்றில் இல்லை. அதைப் பேணும் ஒழுங்கில் இருக்கிறது. நிறுவனத்து வண்டியை நாள்தோறும் சோதிக்க ஆள் இருக்கிறான். தோட்டக்காரர் வண்டியைச் சோதிக்க விடியற்காலை ஐந்து மணிக்கு யார் எழுவது? ஓரிரவில் ஒரு குழாய் கசிந்தால் காலையில் வண்டி தரையில் படுத்திருக்கும். அன்றைய கூலியும் அதனோடு படுத்துவிடும்.

இங்கே இன்னொரு செய்தியையும் சொல்லுதல் தகும். கீழைநாடுகளில் பிக்கப் ஓட்டுவோருக்கு அது பயன்படும். ஜப்பானியப் பிக்கப்புகள் சிலவற்றில், பின்பிரேக்கின் அழுத்தத்தைச் சுமைக்கேற்ப மாற்றும் வால்வு ஒன்று உண்டு. அச்சுக்கும் அடிச்சட்டத்துக்கும் இடையே உள்ள தூரத்தை ஒரு கம்பி வழியாக அது அறிகிறது. தூரம் குறைந்தால் சுமை ஏறிவிட்டது என்று கொள்கிறது. அத்தகைய வண்டியைத் தாழ்த்திவிட்டு வால்வைத் திருத்தாமல் விட்டால், வெறும் வண்டியையும் அது சுமை வண்டியாகவே கருதும். பின்சக்கரங்களுக்கு அழுத்தம் மிகும். மழைச் சாலையில் பிரேக்கை மிதித்தால் அவை சிக்கிக்கொண்டு வண்டி சுழலக்கூடும். தாழ்த்தும் செலவைக் கணக்கிடுவோர் பெரும்பாலும் இந்தக் கம்பியைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

முடிவில் சுவரில் நின்ற கணக்கே வென்றது. முன்புறம் ஸ்பிண்டிலால் 2 அங்குலம். பின்புறம் தாங்கிகளால் 4 அங்குலம். அடிச்சட்டத்தில் பிறை வெட்டு. இவற்றோடு இளைஞனின் காற்றாசைக்கும் சிறிது இடம் கிடைத்தது. பட்டைவில்லை எடுக்காமல், அதற்குத் துணையாகப் பின்புறம் இரண்டு சிறிய காற்றுப்பைகள். சுமை ஏற்றும் நாளில் சாதாரணக் காற்றுப்பம்பால் அடைத்தால் வண்டியின் வால் தொங்காது. வால் தொங்கினால் முகம் நிமிர்ந்து, முகப்பு விளக்கு எதிரே வருவோர் கண்ணைக் கூசச் செய்யும். பை கசிந்தாலும் வில் இருக்கிறது. குறைந்த நீளத்திற்கேற்ற புதிய அப்சார்பர்களும் வாங்கப்பட்டன. பழையவை தாழ்ந்த வண்டியில் அடிமுட்டி உடைந்துவிடும்.

அடிச்சட்டத்தை வெட்டும் நாளில் மட்டும் தந்தை பட்டறைக்கு வந்தார். முப்பது ஆண்டுகள் வளையாத இரும்பில் அறுப்புச் சக்கரம் பாய்வதைப் பார்க்க அவருக்கு மனமில்லை, வாசலில் நின்றுகொண்டார். எஃகுத் தகட்டைப் பொருத்தி, கடைசி போல்ட்டை முடுக்கியபின் பெரியவர் அவரை உள்ளே அழைத்தார். வெட்டியதைக் காட்டிலும் வைத்த இரும்பு தடிப்பாக இருப்பதைத் தடவிப் பார்த்த பிறகே அவர் முகம் தெளிந்தது. பின்னர் சக்கரங்களின் நேரொழுங்கு சரிபார்க்கப்பட்டது. நூல் பிடித்தனர். நூலுக்குக் கீழே எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி விட்டியர் வீதிக்குச் சென்று திரும்பியது. எஸ்-10 வைத்திருந்த நண்பன், இன்னும் இரண்டு அங்குலம் இறக்கியிருக்கலாமே என்றான். இளைஞன் பதில் சொல்லாமல் தகரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அரை கன கஜம் ஈரமண் ஏறியது. பைகளில் காற்றடைக்க வந்த மகனை நிறுத்திவிட்டு, தந்தை வலிக்கும் முழங்காலைத் தரையில் ஊன்றி வண்டியின் அடியில் கையை நீட்டினார். அச்சுக்கும் ரப்பர் முட்டுக்கும் இடையே இரண்டு விரல்கள் புகுந்தன. மூன்றாவது விரலுக்கும் இடம் இருந்தது. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், "அந்த மண்வாரிகளையும் தூக்கி மேலே போடு, மிஹோ. நேரமாகிறது" என்றார்.